மீட்டர் ஒன்று சொல்லும், பெடல் வேறொன்று சொல்லும்

விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். டாக்டர் இல்லையென்றால் ரிட்டையர்டு பேங்க் மேனேஜர். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் போன வண்டி, மழையில் இறங்காத வண்டி, இன்னும் சீட்டின் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காத வண்டி. இந்த விளம்பரங்களை அப்படியே நம்பினால், தமிழ்நாட்டில் டாக்டர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதே இல்லை என்றுதான் முடிவுக்கு வர வேண்டும்.

கதை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கார் என்பது ஒரே சமயத்தில், ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த பொருள். அதன் கண்ணாடிக்குத் தேதி உண்டு, டயருக்குத் தேதி உண்டு, சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டிலும் தேதி உண்டு. ஆர்.சி., இன்சூரன்ஸ், சர்வீஸ் பில் என்று காகிதங்களிலும் தேதிகள் இருக்கின்றன. இவையெல்லாம் ஒரே கதையைச் சொன்னால் வண்டி தேறும். ஏதாவது ஒன்று மாற்றிச் சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டும். பல சமயம் நியாயமான காரணம் இருக்கும். பதில் வரவில்லை என்றாலோ, கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பதில் வந்தாலோ அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம். செகண்ட்ஸ் கார் வாங்குபவருக்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை, வக்கீலைப் போலக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தால் போதும். மெக்கானிக்கைக் கடைசியில் கூட்டிக்கொண்டு போகலாம்.

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2017 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசல், சென்னை ரிஜிஸ்ட்ரேஷன், சிங்கிள் ஓனர், மீட்டரில் 52,000 கிலோமீட்டர். பழைய கார் விற்கும் எந்த ஊர் கன்சல்டிங்கிலும் இப்படி ஒன்று நிற்கும். இந்த வண்டியை நேரில் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி எழ வேண்டும். அந்தக் காலத்தில் டீசல் ஸ்விஃப்ட், பெட்ரோல் ஸ்விஃப்ட்டைவிட ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் அதிக விலை. தினமும் நிறைய ஓட்ட வேண்டியவர்கள்தான் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்து டீசல் வாங்கினார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் ஆன வண்டி 52,000 என்றால் வருஷத்துக்கு ஆறாயிரம் சொச்சம். இதற்கு எதற்கு டீசல்? ஓனர் வெளிநாடு போயிருக்கலாம், வேலை மாறியிருக்கலாம். ஆனால் கேள்வி கேள்விதான்.

வீட்டிலிருந்தே முதல் விசாரணை

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் மாடல், எரிபொருள், பதிவான தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்றிதழ் எதுவரை, வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். நிலுவையில் உள்ள டிராஃபிக் அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் இருக்கும் ‘ஓனர் சீரியல்’ எண்தான் எத்தனை கை மாறியது என்பதற்கு நிஜமான சாட்சி. இரண்டு என்று இருக்கும் வண்டியை ‘சிங்கிள் ஓனர்தான் சார், அப்பா பேரிலிருந்து பையன் பேருக்கு மாத்தினது’ என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். முதல் ஆர்.சி.யின் நகலைக் கேட்டால் தெரிந்துவிடும்.

தயாரித்த மாதமும் பதிவான தேதியும் ஒன்றல்ல என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2016 நவம்பரில் தயாராகி, ஷோரூமில் நின்று, 2017 மார்ச்சில் பதிவான வண்டியை ‘2017 மாடல்’ என்று விற்பது வழக்கம். விலை பேசும்போது தயாரித்த தேதியை வைத்துப் பேச வேண்டும். அது ஆர்.சி.யிலேயே இருக்கிறது.

இன்சூரன்ஸ் பாலிசியில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருஷம் கிளெய்ம் எதுவும் இல்லாமல் போனால் 20 சதவீதத்தில் தொடங்கி, 25, 35, 45 என ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தைத் தொடும். நடுவில் ஒரு கிளெய்ம் வாங்கினால் பொதுவாகச் சுழிக்கு இறங்கிவிடும். எட்டு வருஷ வண்டியின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், போன வருஷம் கிளெய்ம் எடுத்திருக்கிறார்கள் அல்லது பாலிசியை ரொம்ப நாள் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள். ‘ஒரு கீறல்கூடப் பட்டதில்லை’ என்ற பேச்சோடு இது ஒத்துப்போகாது. ஆனால் மறுபக்கமும் உண்டு. இந்த போனஸ் ஆளுக்குச் சொந்தமே தவிர வண்டிக்கு அல்ல. பழைய காரில் சேர்த்த போனஸை ஓனர் இந்த வண்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். அதனால் 50 சதவீதம் இருந்தால் மட்டும் வண்டி சுத்தம் என்று நம்பிவிட முடியாது.

டில்லி, ஹரியானா எண்ணில் டீசல் வண்டிகள் மலிவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. தலைநகர் வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பிறகு உத்தரவுகள் முன்னும் பின்னும் மாறினாலும், கெடு நெருங்கும் வண்டிகளைத் தெற்கே தள்ளிவிடும் வியாபாரம் அதிலிருந்து சூடு பிடித்தது. வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாடு எண் வாங்கும்வரை ஆகும் செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்ததில் பாதி கரைந்திருக்கும். பக்கத்துப் புதுச்சேரி வண்டிக்கும் இதே கணக்குதான்.

பகலில், காய்ந்த வண்டியை

வண்டியைக் காலை வெயிலில், ஓனர் வீட்டிலேயே, ஸ்டார்ட் செய்யாத நிலையில் பார்ப்பதுதான் முறை. சற்று முன் கழுவிய வண்டியில் ஈரம் பெயின்டின் குறையை மறைக்கும். சாயங்காலத் தெருவிளக்கில் இரண்டு ஷேடு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

முன்பக்க மூலையில் குந்தி உட்கார்ந்து, வண்டியின் பக்கவாட்டை நீளமாகப் பார்த்தால் டிங்கரிங் செய்த இடத்தில் பிரதிபலிப்பு நெளியும். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி இடதும் வலதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி இப்போது பல கன்சல்டிங் கடைகளிலும் ஆய்வு செய்து தரும் நிறுவனங்களிலும் உண்டு. கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 500, 600 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது என்று பொருள். கருவி கிடைக்காதவர் மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். பம்பர் பிளாஸ்டிக், அதில் காந்தம் ஒட்டவில்லை என்று பயப்பட வேண்டாம்.

இதில் அளவுக்கு மீறிப் பதறுபவர்களும் உண்டு. சென்னையிலோ கோவையிலோ எட்டு வருஷம் ஓடிய வண்டியில் பம்பரும் இடது பக்கக் கதவும் டச்சப் ஆகியிருப்பது சாதாரணம். ஆட்டோவும் ஷேர் ஆட்டோவும் உரசாத இடது பக்கம் எங்கே இருக்கிறது? கவலைப்பட வேண்டியது வெளித் தகட்டைப் பற்றியல்ல, உள் எலும்பைப் பற்றி.

அதற்கு பானெட்டைத் திறக்க வேண்டும். இன்ஜினுக்கு இருபுறமும் சஸ்பென்ஷனைத் தாங்கும் தகடுகளை மெக்கானிக்குகள் ‘ஏப்ரன்’ என்பார்கள். தொழிற்சாலையில் அவற்றை ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். வட்ட வட்டமான சின்னக் குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாகத் தெரியும். அந்த வரிசை அறுந்து, மேடும் பள்ளமுமாக வெல்டிங் தெரிந்தால் வண்டி முன்னால் பலமாக மோதியிருக்கிறது. பானெட் கீலின் போல்ட்டுகளையும் ஃபெண்டர் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் போல்ட்டின் மேலும் சேர்த்தே பெயின்ட் அடித்திருப்பார்கள். ஸ்பேனர் பட்டால் முனையில் பெயின்ட் உரிந்திருக்கும். கதவின் ரப்பர் பீடிங்கை மெல்ல இழுத்துப் பார்த்தால் பில்லரின் வெல்டிங் தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தளத்தைப் பார்த்தால், பின்னால் இடி வாங்கிய வண்டியா என்பது தெரிந்துவிடும்.

பிறகு கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் கம்பெனி முத்திரையும் அதன் கீழே தயாரித்த காலத்தைக் குறிக்கும் எண்ணும் புள்ளிகளும் இருக்கும். அந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எல்லாக் கண்ணாடியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். முன் கண்ணாடி மட்டும் வேறு என்றால், நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறித்த கல்லாக இருக்கலாம், பெரிய விஷயமல்ல. இடது பக்கம் முன்கதவு, பின்கதவு இரண்டின் கண்ணாடியும் வேறு, அந்தப் பக்கம் பெயின்ட் கனமும் அதிகம், அந்தப் பக்கத்து சீட் பெல்ட் சீட்டில் தேதியும் வேறு என்றால் மூன்று சாட்சிகள் ஒரே விபத்தைச் சொல்கிறார்கள்.

தண்ணீர் குடித்த வண்டி

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் கோட்டூர்புரத்திலும் கார்கள் கூரைவரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் தெருவில் மிதந்து போன காட்சியை ஊரே பார்த்தது. அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அடுத்த வருஷம் ஃபெஞ்சல் புயல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்டது. இப்படி மூழ்கும் வண்டிகளில், சரிசெய்யும் செலவு கட்டுபடியாகாதவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்து ஏலத்தில் விடுகின்றன. ஏலத்தில் போனதெல்லாம் உடைசலுக்குப் போவதில்லை. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி, வேறு ஊரில் விற்பனைக்கு வருபவையும் உண்டு.

மூழ்கிய வண்டி உடனே நிற்காது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஒயரிங் சாக்கெட்டுகளுக்குள் பச்சை பூக்க மாதங்கள் ஆகும். இன்றைக்கு பவர் விண்டோ, அடுத்த மாதம் ஏ.பி.எஸ்., அதற்கடுத்து ஏர்பேக் என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். எலெக்ட்ரீஷியன் தேடித் தேடிக் களைத்துப் போவார்.

கண்டுபிடிக்க எளிய வழி சீட் பெல்ட். முழுதாகக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தைத் துவைத்திருக்க மாட்டார்கள். அங்கே சேற்றுக்கறை கோடாகத் தெரியும், முகர்ந்தால் குளத்து வாடை வரும். சீட்டை முழுக்க முன்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்தையும் சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். எட்டு வருஷ வண்டியில் லேசான தூசி இருக்கும். செங்கல் நிறத்தில் துரு இருக்கக் கூடாது. தரை மேட்டுக்கு அடியில் இருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கி, அதன் அடிப்பஞ்சை அமுக்கிப் பார்க்க வேண்டும். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, ஒயர் கட்டுகளின் மேல் விரலை ஓட்டினால் நைசான மண் ஒட்டக் கூடாது. ஹெட்லைட்டுக்குள் நீராவி படிந்த தடம், ஏ.சி.யைப் போட்டதும் வரும் மக்கல் வாசனை, அதை மறைக்கத் தொங்கவிட்ட காட்டமான பெர்ஃப்யூம் எல்லாமே குறிப்புகள்தான். சர்வீஸ் ரெக்கார்டில் அந்த வெள்ள மாதத்தையொட்டிப் பெரிய பில் ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

அந்த 52,000

டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு திருப்ப முடியாது என்று ஒரு நம்பிக்கை. முன்பு வயரைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றித் திருப்பினார்கள். இப்போது லேப்டாப்பைச் சொருகித் திருப்புகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் மீட்டரை மீட்டரிடமே விசாரிப்பதில் பயனில்லை. மற்ற சாட்சிகளிடம் போக வேண்டும்.

முதலில் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர். ஓனரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டி எண்ணைச் சொன்னால் ஒவ்வொரு சர்வீஸின் தேதியையும் கிலோமீட்டரையும் எடுத்துத் தருவார்கள். 2019-ல் 41,000, 2020-ல் 63,000, அதன்பின் ரெக்கார்டே இல்லை என்றால், இன்றைக்கு மீட்டரில் தெரியும் 52,000 எப்படி வந்தது என்று விளக்க யாராலும் முடியாது. ஆரம்பத்தில் ஒழுங்காக சர்வீஸுக்கு வந்து, திடீரென்று நின்றுபோன வண்டிகள் நிறைய உண்டு. வாரன்டி முடிந்ததும் வெளி மெக்கானிக்கிடம் போனோம் என்பார்கள். அது உண்மையானால் அந்த மெக்கானிக்கின் பில்லோ, ஆயில் மாற்றிய ஸ்டிக்கரோ ஏதாவது இருக்கும்.

அடுத்து டயர். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. இப்படிப்பட்ட காருக்குப் பொதுவாக ஒரு செட் டயர் 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரும். நான்கு டயரும் 2019-ம் ஆண்டுடையவை, அவையும் தேய்ந்து மொட்டையாகக் கிடக்கின்றன என்றால் கணக்கு இடிக்கிறது. 2017-ல் வந்த முதல் செட் இரண்டே வருஷத்தில் தேய்ந்து, இரண்டாவது செட்டும் முடிந்துவிட்டது. அப்படியென்றால் வண்டி ஓடியது 52,000 அல்ல, 80,000-க்கு மேல். நான்கும் 2024-ல் வாங்கிய புது டயர் என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏழு வருஷம் ஆன டயரைத் தேயாவிட்டாலும் மாற்றுவதுதான் முறை. ஸ்டெப்னியையும் மறக்காமல் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் வண்டியோடு வந்ததாகவே இருக்கும்.

மூன்றாவது சாட்சி ஓட்டுநரின் காலடி. கிளட்ச் பெடலின் மேல் இருக்கும் ரப்பரில் குறுக்குவாட்டில் வரிகள் உண்டு. 50,000 கிலோமீட்டரில் அந்த வரிகளின் முனை மழுங்கியிருக்கும், ஆனால் வரி தெரியும். வலது ஓரத்தில் வரியே அழிந்து வழவழப்பாகி, ரப்பர் சாய்ந்து தேய்ந்திருந்தால் அந்தக் கால் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்திருக்கிறது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால் இன்னும் மோசம். அதை மாற்ற வேண்டிய அளவுக்கு யாருக்கோ அவசியம் வந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், கியர் நாபின் தலை, டிரைவர் சீட்டின் வலது ஓரம், டிரைவர் கதவின் ஜன்னல் சுவிட்ச் என்று எல்லாவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

பின் சீட்டும் பின்கதவுக் கைப்பிடியும் டிரைவர் பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருந்தால் வண்டி டி-போர்டில் ஓடி, பிறகு ஓன்-போர்டாக மாறியிருக்கலாம். நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சள் மிச்சம் தெரிவதும் உண்டு. டாக்ஸியாக ஓடிய வண்டியை வாங்கக் கூடாது என்பதில்லை. ஹைவேயில் ஒரே சீராக ஓடிய ஒன்றரை லட்சம், சிக்னலுக்கு சிக்னல் நின்று ஓடிய எண்பதாயிரத்தைவிட இன்ஜினுக்கு நல்லது. அதை டாக்ஸி விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவே.

ஸ்டார்ட் செய்யும் முன்

பானெட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ‘உங்களுக்காக ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன் சார்’ என்றால், நன்றி சொல்லிவிட்டு மறுநாள் காலையில் வரலாம். முதல் ஸ்டார்ட்டில்தான் வண்டி தன் நோயைச் சொல்லும்.

சாவியை ‘ஆன்’ நிலைவரை மட்டும் திருப்பினால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிய வேண்டும். இன்ஜின், ஆயில், பேட்டரி, ஏ.பி.எஸ்., ஏர்பேக் எல்லாமே. பிறகு ஒவ்வொன்றாக அணையும். ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறு, ஏனென்றால் விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டியில் புதுசு போடாமல், விளக்கை மட்டும் துண்டித்துவிடும் வேலை நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நொடி போதும். ஆனாலும் பத்தில் ஒன்பது பேர் சாவியை ஒரேயடியாகத் திருப்பிவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் பின்னால் நின்று சைலென்சரைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. சூடான பிறகும் நிற்காத வெண்புகை, அதோடு கூலன்ட் வெளியே ஒழுகாமலே குறைவது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். டீசலில் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ இ.ஜி.ஆரோ பார்க்க வேண்டியிருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துளையின் மேல் தலைகீழாக வைத்தால் மூடி லேசாக நடுங்கும். தூக்கி எறிவது போலத் துள்ளி, குபுகுபுவென்று புகை வந்தால், ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்று மெக்கானிக் ஒரே வரியில் முடித்துவிடுவார். இன்ஜின் வேலை என்றால் பெரிய செலவு, அந்த வண்டியோடு பேரம் பேசிப் பயனில்லை. கூலன்ட் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நம் ஸ்விஃப்ட்டில் இருப்பது ஃபியட் வழி வந்த 1.3 லிட்டர் டீசல். டாடாவும் ஃபியட்டும்கூட அதையே போட்டதால் அதைக் கழற்றிப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கை ஊரில் தேட வேண்டும். அதில் டைமிங் செயின் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் செயின் பக்கமிருந்து சலசலவென்று சத்தம் வந்து, சில நொடிகளில் அடங்காமல் நீடித்தால் செலவு காத்திருக்கிறது. 2,000 ஆர்.பி.எம். வரை வண்டி மந்தமாக இருந்து பிறகு திடீரென்று இழுப்பது கோளாறல்ல, அந்த இன்ஜினின் சுபாவம். போலோ டீசல், எகோஸ்போர்ட் டீசல் போன்றவற்றில் இருப்பது டைமிங் பெல்ட். அது கெடு முடிந்து அறுந்தால் வால்வுகள் வளைந்து இன்ஜினே போய்விடும். அந்த வண்டிகளில் பெல்ட் மாற்றிய பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டு வேண்டாம். மூன்றாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும் வேகத்துக்கு வண்டியும் ஏற வேண்டும். சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. காலியான நேர் ரோட்டில் ஸ்டியரிங் பிடியைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது ‘டக் டக்’ என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் போன்றவை. அதிகச் செலவில்லை, ஆனால் விலை குறைக்க நல்ல காரணம். ஏ.சி.யை நின்ற வண்டியில் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். ஓடும் வண்டியில் எந்த ஏ.சி.யும் குளிரும், சிக்னலில் நிற்கும்போது குளிர்கிறதா என்பதுதான் பரீட்சை.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். குறியீடுகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற விவரமும் பெரும்பாலான வண்டிகளில் கிடைக்கும். அது வெறும் ஆறு கிலோமீட்டர் என்றால், வாங்குபவர் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ துடைத்திருக்கிறார்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். ஆக, டீசலில் குறைவாக ஓடியது எப்போதுமே பெருமையல்ல. சி.என்.ஜி. வண்டி என்றால் ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும், சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் பிரஷர் டெஸ்ட் சான்றிதழ் இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் காரில் பேட்டரி வாரன்டி பொதுவாக எட்டு வருஷம். அது இரண்டாவது ஓனருக்கும் செல்லுமா என்பதைக் கம்பெனியிடமே கேட்டுவிட வேண்டும், விற்பவரிடம் அல்ல.

பேர் மாற்றம்

ஃபார்ம் 29, ஃபார்ம் 30. கடன் இருந்தால் பேங்கின் என்.ஓ.சி.யோடு ஃபார்ம் 35, வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்தால் ஃபார்ம் 28. இவற்றில் ஓனர் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்து, கைமாறிக் கைமாறி விற்கும் ‘ஓபன் ஃபார்ம்’ வண்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்குபவருக்கு அதில் என்ன சிக்கல் என்றால், கடைசியில் ஓனரின் போனுக்கு ஓ.டி.பி. போகும், அந்த ஓனர் யாரென்றே அவருக்குத் தெரியாது.

விற்பவருக்கும் இது தலைவலிதான். 2009-ல் விபத்து செய்த ஒரு கார், அதற்குள் பல கை மாறியிருந்தது. ஆனால் பேர் மட்டும் மாறவில்லை. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் ‘அடுத்த மாசம் மாத்திக்கலாம்’ என்பதற்கு இரு தரப்புமே இடம் கொடுக்கக் கூடாது. கன்சல்டிங் மூலம் வாங்கினால், 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி அவர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறதா, ஓனர் வண்டியை ஒப்படைத்ததற்கான ஃபார்ம் 29-சி போட்டிருக்கிறார்களா என்று கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் புது ஓனர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே வண்டியோடு வரும். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பேர் மாறாத பாலிசியை வைத்துக்கொண்டு மோதினால் கிளெய்ம் எழுந்திருக்காது.

விலைக்கு வந்தால், 2017-ல் என்ன விலைக்கு வாங்கினார் என்பது அவர் கவலை. வாங்குபவர் பார்க்க வேண்டியது அதற்கு இணையான புது வண்டி இன்றைக்கு என்ன விலை என்பதை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது ஸ்விஃப்ட்டின் விலை இறங்கினால் பழைய ஸ்விஃப்ட்டின் விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும். 15 வருஷ ரிஜிஸ்ட்ரேஷனில் எட்டு போய்விட்டது. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், பேட்டரி, தேவைப்பட்டால் டயர் என்று வாங்கிய முதல் மாதத்தில் ஆகும் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளை மேஜையில் வைத்தே பேரம் பேசலாம். வாய்ப் பேச்சைவிட அது நன்றாக வேலை செய்யும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள டீலரும் தன் லாபத்தின் மேல்தான் 18 சதவீதம் கட்டுகிறார், முழு விலையின் மேல் அல்ல.

பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பழைய ஓனரின் ஃபாஸ்டேகை அவர் முன்னிலையிலேயே கழற்றிவிட வேண்டும். இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். தொலைந்துவிட்டது என்றால், சிப் உள்ள புதுச் சாவி செய்து, பழைய சாவியை வண்டியின் நினைவிலிருந்து நீக்க ஷோரூமில் எவ்வளவு ஆகும் என்று அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம்.